சொந்தக் கிட்டாரை நாமே செட்டப் செய்துகொள்ள எந்தக் கருவிகளை முதலில் வாங்க வேண்டும்?

முத்துநகரான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வடிவ எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றும், எஃகுக் கம்பி பூட்டிய அகூஸ்டிக் கிட்டார் ஒன்றும் உள்ளன. இரண்டுமே நடுத்தர விலையில் வாங்கியவை. நான் இருப்பது தூத்துக்குடியில். இங்கே கம்பி மாற்றித் தருபவர்கள் உண்டு. ஆனால் கழுத்தின் வளைவையும் கம்பியின் உயரத்தையும் அளந்து பார்த்துச் சரிசெய்பவர் எவரையும் நான் கண்டதில்லை. எலெக்ட்ரிக் கிட்டாரை வெளியூர்க் கடை ஒன்றுக்கு அனுப்பி வாங்கினேன். புதுக் கம்பி பூட்டி, பளபளவென்று துடைத்து அனுப்பியிருந்தார்கள். எஃப் கார்டு பிடிக்க விரல் படும் பாடு மட்டும் அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் கூரியர் செலவும் கூலியும் கொடுப்பதைவிட, இந்த செட்டப் வேலையை நானே கற்றுக்கொள்வது நல்லது என்று தோன்றுகிறது.

இணையத்தில் தேடினால், வெளிநாட்டு நிறுவனங்கள் விற்கும் செட்டப் பெட்டிகளின் விலை என் அகூஸ்டிக் கிட்டாரின் விலையையே தாண்டுகிறது. நட் (கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகள் அமரும் பள்ளமிட்ட துண்டு) அரங்கள், ஃபிரெட் (விரற்பலகையின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) அரங்கள், பள்ளம் வெட்டிய நேர்விளிம்புகள், விரற்பலகையின் குறுக்கு வளைவு பார்க்கும் அச்சுகள் என்று அவற்றில் ஏராளமாக இருக்கின்றன. எவை தொடக்கத்திலேயே வேண்டும், எவற்றைப் பின்னால் வாங்கலாம் என்று பிரித்தறிய எனக்குத் தெரியவில்லை. கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராட் என்ற எஃகுத் தண்டைத் திருகினால் கழுத்து உடைந்துவிடும் என்று வேறு சிலர் அச்சுறுத்துகிறார்கள். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கொங்குப்பட்டறை எழுதியது:

வணக்கம் நண்பரே. பெட்டியை வாங்காதீர்கள். அதில் பாதிக்கு மேல் தேய்த்துக் கழிக்கும் கருவிகள். உங்களுக்கு இப்போது வேண்டியவை அளக்கும் கருவிகள். திருகிச் செய்யும் மாற்றத்தை மறுபடி திருகிப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். அரத்தால் கழித்ததை ஒட்டவைப்பது கடினம். ஆகவே திருகுவதில் தொடங்கி, கை பழகிய பிறகே தேய்ப்பதற்குப் போகவேண்டும் என்பது என் கருத்து.

டூவீலர் மெக்கானிக்குகள் டேப்பட் இடைவெளி பார்க்கப் பயன்படுத்தும் ஃபில்லர் கேஜ் (தடிப்பு எழுதிய மெல்லிய எஃகுத் தகடுகளின் கட்டு) ஒன்று வாங்குங்கள். எந்த ஆட்டோ உதிரிபாகக் கடையிலும் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். அரை மில்லிமீட்டர் கோடுகள் போட்ட 15 செ.மீ. எஃகு ஸ்கேல் ஒன்று வேண்டும். அதில் விளிம்பிலேயே பூஜ்யம் தொடங்குகிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள், ஏனெனில் பல ஸ்கேல்களில் விளிம்புக்கும் முதல் கோட்டுக்கும் இடையே வெற்றிடம் விட்டிருப்பார்கள். அது ஃபிரெட்டின் மேல் நிறுத்தி அளப்பதற்கு உதவாது. ஒரு கேப்போ (எல்லாக் கம்பிகளையும் ஒரே ஃபிரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கிளிப்), நல்ல டியூனர், தலை தேயாத ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், மில்லிமீட்டர் அளவில் ஆலன் கீ செட் ஆகியவை போதும். ஸ்கேலில் கண் தடுமாறினால் 1.5 மி.மீ., 2 மி.மீ. டிரில் பிட்டுகளின் தண்டைக் கம்பிக்கு அடியில் நுழைத்துப் பார்த்தும் உயரத்தை அறியலாம். வளைவு அச்சுகளைக் காகிதத்தில் அச்சிட்டு அட்டையில் ஒட்டி வெட்டிக்கொள்ளலாம். பள்ளம் வெட்டிய நேர்விளிம்பு இப்போதைக்குத் தேவையே இல்லை, கம்பியே நல்ல நேர்விளிம்புதான்.

அளப்பதற்கு முன் நீங்கள் வழக்கமாகப் பூட்டும் கனத்தில் புதுக் கம்பி பூட்டி, வாசிக்கும் சுருதிக்கே ஏற்றிவையுங்கள். 10-46 செட் (முதல் கம்பி 0.010 அங்குலம், ஆறாவது கம்பி 0.046 அங்குலம் தடிப்பு) ஒன்று எலெக்ட்ரிக் கிட்டாரின் கழுத்தை ஏறத்தாழ 47 கிலோ எடைக்கு இணையாக இழுக்கிறது. 12-53 செட் அகூஸ்டிக்கை 70 கிலோவுக்கும் மேல் இழுக்கிறது. அந்த இழுப்பில்லாமல் எடுக்கும் எந்த அளவும் பொய். கிட்டாரை மல்லாக்கப் படுக்க வைக்காமல், வாசிக்கும் நிலையிலேயே பிடித்து அளக்க வேண்டும்.

முதல் ஃபிரெட்டில் கேப்போ போட்டு, ஆறாவது கம்பியைக் கடைசி ஃபிரெட்டில் அழுத்திக்கொண்டு, எட்டாவது ஃபிரெட்டின் உச்சிக்கும் கம்பிக்கும் இடையே உள்ள வெளியை ஃபில்லர் கேஜால் பாருங்கள். இதுதான் ரிலீஃப் எனப்படும் கழுத்தின் வளைவு. குறுக்கு வளைவின் ஆரம் 9.5 முதல் 12 அங்குலம் உள்ள விரற்பலகைக்கு ஃபெண்டர் நிறுவனம் சொல்லும் அளவு 0.010 அங்குலம், அதாவது 0.25 மி.மீ.; அதே கிட்டாரில் 17ஆவது ஃபிரெட்டில் கம்பியின் உயரம் 1.6 மி.மீ. இவை தொடங்குமிடம் மட்டுமே. அழுத்தி அடித்து வாசிப்பவருக்குக் கம்பி சற்று உயரமாகவே இருக்கவேண்டும்.

டிரஸ் ராடைப் பற்றிய அச்சம் மிகைப்படுத்தப்பட்டது. திருகிச் சரிசெய்யும் டிரஸ் ராடுக்குக் கிப்ஸன் நிறுவனத்தின் தாடியஸ் மெக்ஹியூ 1921இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அன்று முதல் அது திருகுவதற்காகவே கழுத்துக்குள் வைக்கப்படுகிறது. கெட்டுப்போவது இரண்டு காரணங்களால்: சேராத அளவுள்ள சாவியைப் போட்டு அறுகோணத்தை மழுங்கடிப்பது ஒன்று, திரும்ப மறுப்பதை வலுக்கட்டாயமாகத் திருப்புவது மற்றொன்று. ஆசியாவில் தயாராகும் பல கிட்டார்களுக்கு 4 அல்லது 5 மி.மீ. ஆலன் கீ பொருந்தும். கிப்ஸனுக்கு 5/16 அங்குலக் குழாய்ச் சாவி வேண்டும். சாவி ஆடாமல் உட்கார்ந்த பிறகு, கால் சுற்றுக்கு மேல் ஒரே வீச்சில் திருப்ப வேண்டாம். சரிசெய்யும் முனையிலிருந்து பார்க்கும்போது வலப்புறம் திருப்பினால் கழுத்து நிமிரும், இடப்புறம் திருப்பினால் கம்பியின் இழுப்புக்கு இசைந்து வளையும். திருப்பியதும் மறுபடி சுருதி சேர்த்து, சற்று நேரம் விட்டு அளங்கள். மிக மலிவான சில அகூஸ்டிக்குகளில் திருகக்கூடிய ராடே இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டு கிட்டார்களையும் அளந்து எண்களை இங்கே எழுதுங்கள். எண்ணில்லாமல் “கம்பி உயரமாக இருக்கிறது” என்று சொன்னால் யாரும் உருப்படியாக உதவ முடியாது.

அடையாற்றுக்கம்பி எழுதியது:

கொங்குப்பட்டறை ஐயா சொன்னதோடு நான் ஒத்துப்போகிறேன். ஆயினும் இரண்டு சேர்க்க வேண்டியிருக்கிறது.

முதலாவது, ஈரப்பதம். கிட்டார் நிறுவனங்கள் 45 முதல் 55 சதவீத ஈரப்பதத்தை ஏற்றதாகச் சொல்வது வழக்கம். தூத்துக்குடி, சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி அதற்கு மேல்தான். அகூஸ்டிக் கிட்டாரின் முகப்புப் பலகை மெல்லியது. ஈரத்தைக் குடித்து உப்பினால் பிரிட்ஜையும் (கம்பிகளின் கீழ்முனை பூட்டிய மரத்துண்டு) சேர்த்துத் தூக்கிவிடும், கம்பி உயர்ந்துவிடும். அதே கிட்டாரை ஏசி அறையில் மாதக்கணக்கில் தொங்கவிட்டால் நேர்மாறாக மரம் சுருங்கும், ஃபிரெட்டுகளின் முனைகள் பலகையின் ஓரத்தில் நீட்டிக்கொண்டு விரலைக் கீறும். (ரோஸ்வுட் விரற்பலகை என்றால் அது நீலகிரி, ஆனைமலைப் பக்கங்களில் வளரும் நம் ஈட்டி மரத்தின் இனமாகவே இருக்கக்கூடும். 1969இல் மார்ட்டின் நிறுவனம் பிரேசில் ரோஸ்வுட்டிலிருந்து இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. நம் காட்டு மரமாயிற்றே என்பதற்காக அது ஏசியில் காயாமல் இருக்கப்போவதில்லை.) ஆகவே உங்கள் கருவிப் பட்டியலில் ஈரப்பதமானி ஒன்றைச் சேருங்கள். சிறிய டிஜிட்டல் மானி விலை அதிகமில்லை. அதைக் கிட்டார் பெட்டிக்குள் வைத்து, ஒவ்வொரு முறை கம்பி உயரத்தை அளக்கும்போதும் அதையும் குறித்துவையுங்கள். இல்லையென்றால் ஐப்பசி மழையில் தேய்த்த சேடிலுக்கு (பிரிட்ஜின் மேல் கம்பிகளைத் தாங்கும் துண்டு) சித்திரையில் அடியில் காகிதம் வைக்க வேண்டிவரும்.

இரண்டாவது, நட். எஃப் கார்டில் விரல் வலிக்கிறது என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால், எனக்கு நட்டின் மேல்தான் சந்தேகம். கம்பியை மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃபிரெட்டின் மேல் எவ்வளவு வெளி இருக்கிறது என்று பாருங்கள்; அச்சுக் காகிதத்தின் தடிப்பு, அதாவது 0.1 மி.மீ. அளவே போதுமானது. இதைவிட மிகுதியாக இருந்தால் முதல் மூன்று ஃபிரெட்டுகளில் பிடிக்கும் ஸ்வரமெல்லாம் சுருதி ஏறி ஒலிக்கும். நட் அரங்கள் வாங்காமலே இதைச் சரிசெய்ய வழி உண்டு: நட்டைக் கழற்றி, கண்ணாடிப் பலகையின் மேல் உப்புத்தாளை விரித்து, அடிப்பக்கத்தைச் சீராகத் தேய்த்தால் எல்லாப் பள்ளங்களும் ஒரே அளவில் தாழும். பள்ளத்தைத் தோண்டப்போய்க் கோணலாக்கும் ஆபத்து இதில் இல்லை.

முத்துநகரான் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. ஃபில்லர் கேஜும் ஸ்கேலும் ஈரப்பதமானியும் வாங்கி, புதுக் கம்பி பூட்டி அளந்துவிட்டேன்.

எலெக்ட்ரிக்: கம்பி 10-46. ரிலீஃப் 0.45 மி.மீ. 17ஆவது ஃபிரெட்டில் ஆறாவது கம்பி 2.2, முதல் கம்பி 1.9. மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்தும்போது முதல் ஃபிரெட்டின் மேல் உள்ள வெளி, ஆறாவது கம்பியில் 0.3, முதல் கம்பியில் 0.25, மற்றவை இவற்றுக்கு இடையில் படிப்படியாக. கம்பி இவ்வளவு உயரமாக இருந்தும், மூன்றாவது கம்பியை ஏழாவது ஃபிரெட்டில் பிடித்தால் மட்டும் கிரீச்சிடுகிறது; ஆறாவதிலும் எட்டாவதிலும் பிடித்தால் சுத்தமாக ஒலிக்கிறது.

அகூஸ்டிக்: கம்பி 12-53. ரிலீஃப் 0.3. 12ஆவது ஃபிரெட்டில் ஆறாவது கம்பி 3.4, முதல் கம்பி 2.7. பிரிட்ஜுக்கு மேல் தெரியும் சேடிலின் உயரம் ஆறாவது கம்பிப் பக்கம் 3 மி.மீ., முதல் கம்பிப் பக்கம் 2.5. பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை சற்று உப்பியிருப்பதுபோல் தெரிகிறது. பெட்டிக்குள் ஈரப்பதம் 74 சதவீதம்.

கொங்குப்பட்டறை எழுதியது:

இப்படி எண்களோடு எழுதினால் பதில் சொல்வது எளிது. எலெக்ட்ரிக்கை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் டிரஸ் ராட். 0.45ஐ 0.25க்குக் கொண்டுவாருங்கள்; கால் சுற்றில் பெரும்பகுதி வந்துவிடும் என்று எதிர்பார்க்கலாம். கழுத்து நிமிரும்போது கம்பியின் உயரமும் தானாகச் சற்றுக் குறையும் என்பதால், சேடிலை அதற்கு முன்னால் தொடவே கூடாது. பிறகு 17ஆவது ஃபிரெட்டில் மறுபடி அளந்து, 1.6க்கு மேல் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று கணக்கிடுங்கள். சேடிலை 1 மி.மீ. இறக்கினால் 17ஆவது ஃபிரெட்டில் ஏறத்தாழ 0.6 மி.மீ.தான் இறங்கும், 12ஆவதில் சரிபாதி. இறக்குமதியாகும் ஸ்ட்ராட் வகைகளின் சேடில் திருகுகளுக்குப் பெரும்பாலும் 1.5 மி.மீ. ஆலன் கீ பொருந்தும். ஆறு சேடில்களும் விரற்பலகையின் வளைவை ஒத்து நிற்கின்றனவா என்று அட்டை அச்சை வைத்துப் பாருங்கள். முதல் கம்பியையும் ஆறாவது கம்பியையும் அளந்து நிறுத்திவிட்டு நடுவிலுள்ள நான்கையும் அச்சுக்கு ஏற்பச் சேர்ப்பது எளிய வழி.

நட்டைப் பொறுத்தவரை, அடிப்பக்கத்தைத் தேய்க்கலாம் என்று அடையாற்றுக்கம்பி சொன்னது உங்களுக்குப் பொருந்துகிறது, ஏனெனில் உங்கள் அளவுகள் ஒரே சரிவில் இருக்கின்றன. அவை ஒன்றுக்கொன்று தாறுமாறாக இருந்திருந்தால் பள்ளங்களைத் தனித்தனியாகத்தான் அரத்தால் தாழ்த்த வேண்டியிருக்கும். ஸ்ட்ராட் வகை நட்டுகள் சிலவற்றின் அடி வளைந்திருக்கும். அப்படியானால் தட்டையான கண்ணாடியில் தேய்ப்பது அதன் இருப்பைக் கெடுக்கும் என்பதால், கழற்றியதும் அடியைப் பார்த்துவிட்டுத் தீர்மானியுங்கள். நட்டின் ஓரத்தில் படிந்த வார்னிஷைக் கூரிய பிளேடால் கீறிவிட்டு, பக்கவாட்டில் மெதுவாகத் தட்டினால் அது கழன்றுவரும். கீறாமல் தட்டினால் வார்னிஷ் சில்லுச் சில்லாகப் பெயரும். பழைய நட்டை அப்படியே எடுத்துவைத்துவிட்டு, பள்ளம் வெட்டிய புதிய எலும்பு நட் ஒன்றை வாங்கித் தேய்ப்பது உத்தமம். மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்தி அளக்கும் வெளியை 0.1 மி.மீ. குறைப்பதற்குத் தேய்க்க வேண்டியது ஏறத்தாழ 0.15 மி.மீ.தான், ஆதலால் சற்றே தேய்ப்பதும் மாட்டிப் பார்ப்பதுமாகப் போங்கள்.

தனித்தனி அரங்கள் வேண்டுமென்று பிற்பாடு தோன்றினால், கேஸ் வெல்டிங் பட்டறைகளில் முனை சுத்தம் செய்யப் பயன்படும் டிப் கிளீனர் கம்பிகள் நல்ல மாற்று. பல தடிப்புகளில் ஒரே உறைக்குள் கிடைக்கும், அரம்போல் வரிகளும் உண்டு. கம்பியைவிடச் சற்றே தடித்ததைத் தேர்ந்து, பள்ளம் தலைப்பக்கம் சரியும்படி இழுக்கவேண்டும். கம்பி அமரும் உச்சி விரற்பலகைப் பக்க விளிம்பிலேயே இருக்கவேண்டும். அளவுக்கு மேல் ஆழமாகிவிட்டால் சமையல் சோடாவைப் பள்ளத்தில் தூவி ஒரு சொட்டு சூப்பர் குளூ விட்டால் உடனே கெட்டிப்பட்டுவிடும், மறுபடி வெட்டிக்கொள்ளலாம். அது நீடித்து உழைக்கும் தீர்வு என்று சொல்லமாட்டேன்.

இவை எல்லாம் முடிந்த பிறகே இன்டோனேஷன், அதாவது எந்த ஃபிரெட்டில் பிடித்தாலும் சுருதி பிசகாதபடி சேடிலை முன்பின் நகர்த்துவது. 12ஆவது ஃபிரெட்டில் விரலை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கையும், அதே இடத்தில் அழுத்தி எழுப்பும் ஸ்வரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறி ஒலித்தால் சேடிலைக் கழுத்திலிருந்து விலக்கிப் பின்னுக்கு இழுக்கவேண்டும். இறங்கி ஒலித்தால் முன்னுக்குத் தள்ளவேண்டும். நட் உயரமாக இருக்கும்போதே இதைச் செய்தால், நட்டைத் தாழ்த்திய பிறகும் முழுவதையும் மறுபடி செய்ய நேரும்.

நான்குகம்பி எழுதியது:

நான் பேஸ் வாசிப்பவன். அந்த ஏழாவது ஃபிரெட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஏழில் பிடித்தால் கிரீச்சிடுவது, எட்டில் பிடித்தால் நின்றுவிடுவது என்றால், எட்டாவது ஃபிரெட் அந்த இடத்தில் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்பதே முதல் சந்தேகம். ஃபிரெட் ராக்கர் என்று விற்கும் எஃகுத் தகட்டுக்குப் பதிலாக, விளிம்பு நேராக உள்ள ஏடிஎம் அட்டையை ஏழு, எட்டு, ஒன்பது ஆகிய மூன்று ஃபிரெட்டுகளின் மேல் நிறுத்தி அசைத்துப் பாருங்கள். நடுவில் ஊசலாடினால் எட்டாவதுதான் உயரம். மூன்றாவது கம்பிக்கு நேராக மட்டும் ஊசலாடி, மற்ற இடங்களில் அசையாமல் நின்றால், ஃபிரெட் அங்கே பள்ளத்திலிருந்து எழும்பியிருக்கலாம். விரல் நகத்தால் அழுத்தினாலே அமுங்கி எழுகிறதா என்று பாருங்கள். அப்படியானால் கம்பியைத் தளர்த்தி, கழுத்தின் அடியில் மணல் மூட்டையோ தடித்த புத்தகங்களோ முட்டுக்கொடுத்து, மரத்துண்டை இடையில் வைத்து மெல்லத் தட்டி உட்காரவைத்தால் போதும். உட்காரவில்லையென்றால் அதன் தலையைத் தேய்க்க வேண்டிவரும்.

இங்கே கொங்குப்பட்டறை ஐயாவிடமிருந்து சற்று வேறுபடுகிறேன். தேய்க்கும் வேலையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தால் கை எப்போதும் பழகாது. பழைய கழுத்து ஒன்றை எங்காவது மலிவாகப் பிடித்து, ஃபிரெட்டின் தலையில் மார்க்கர் மை பூசி, தட்டையான கட்டையில் 320 எண் உப்புத்தாள் ஒட்டி இழைத்து, பிறகு தட்டையான உச்சியைக் கிரௌனிங் அரத்தால் மறுபடி உருட்டையாக்கிப் பழகுங்கள். மையின் நடுவில் மெல்லிய கோடு எஞ்சும்வரை உருட்டுவதுதான் முழு வித்தையும். பணம் செலவழித்து வாங்கவேண்டிய ஒரே சிறப்புக் கருவி அந்தக் கிரௌனிங் அரம்தான் என்பேன்; முக்கோண அரத்தின் விளிம்புகளை மழுக்கியும் செய்யலாம், ஆனால் பழகாத கைக்கு அது ஃபிரெட்டின் பக்கங்களைக் கீறிவிடும். எலெக்ட்ரிக்கில் இழைக்கும்போது பிக்கப்புகளை (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்கள்) டேப்பால் மூடுங்கள், உலோகத் துகள் உள்ளே போகாது.

அடையாற்றுக்கம்பி எழுதியது:

அகூஸ்டிக்குக்கு வருகிறேன். 12ஆவது ஃபிரெட்டில் ஆறாவது கம்பி 2.4, முதல் கம்பி 1.8 என்பது வசதியான உயரம். 3.4ஐ 2.4ஆக்க 1 மி.மீ. குறைய வேண்டும், சேடிலில் அதைப்போல் இரு மடங்கு, அதாவது 2 மி.மீ. கழிக்க வேண்டும். உங்களிடம் இருப்பது 3. மிஞ்சும் 1 மி.மீ. சேடிலின் மேல் கம்பி போதிய கோணத்தில் வளையாது, ஒலி சோர்ந்துபோகும். ஆகவே உப்புத்தாளை இப்போது எடுக்க வேண்டாம்.

ரிலீஃபை 0.3லிருந்து 0.2க்குக் கொண்டுவாருங்கள், அதனால் சிறிது குறையும். பிறகு ஈரப்பதம். 74 சதவீதத்தில் பலகை உப்பாமல் இருந்தால்தான் வியப்பு. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு, ஈரப்பதமானி 55க்குக் கீழே இறங்கி அங்கேயே சில வாரங்கள் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்; ஜெல்லை அவ்வப்போது காயவைத்துத் திரும்ப இடவேண்டும். இடையில் 12-53க்குப் பதிலாக 11-52 பூட்டினால் பலகையின் மேலுள்ள இழுப்பும் குறையும், எஃப் கார்டும் எளிதாகும். ஒலியின் கனம் சற்று இறங்குவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அதன்பின் நீளமான அலுமினியச் சட்டம் ஒன்றை ஃபிரெட்டுகளின் மேல் நடுவாக வைத்து பிரிட்ஜ் வரை நீட்டிப் பாருங்கள். சட்டத்தின் முனை பிரிட்ஜ் மரத்தின் மேல்விளிம்பை ஒட்டி வந்தால் கழுத்தின் கோணம் சரி. அப்போது சேடிலின் அடிப்பக்கத்தில் பென்சிலால் கோடு இழுத்து, கண்ணாடியின் மேல் விரித்த உப்புத்தாளில் செங்குத்தாகப் பிடித்துத் தேய்க்கலாம். இங்கும் பழைய சேடிலைப் பத்திரப்படுத்திவிட்டுப் புதிதைத் தேய்ப்பதே நல்லது. உள்ளே பிக்கப் இருந்தால் அடி சிறிதும் கோணக்கூடாது, இல்லையேல் ஏதாவதொரு கம்பியின் ஒலி மட்டும் ஸ்பீக்கரில் மங்கிவிடும். சட்டத்தின் முனை பிரிட்ஜின் மேல்விளிம்புக்கு வெகு கீழே போய் முட்டினால், கழுத்தையே கழற்றிக் கோணம் மாற்றி ஒட்டவேண்டும். அது நீராவி ஏற்றிச் செய்யும் வேலை. நடுத்தர விலைக் கிட்டாரில் கூலி அதன் விலையை நெருங்கிவிடும் என்பதால், அந்த நிலை வந்தால் படங்களோடு இங்கே எழுதுங்கள், செய்வதா வேண்டாமா என்று பார்ப்போம்.

முத்துநகரான் எழுதியது:

எட்டாவது ஃபிரெட்டில் ஏடிஎம் அட்டை ஊசலாடுகிறது, நகத்தால் அழுத்தினால் அமுங்குகிறது. மரத்துண்டை வைத்துத் தட்டியதும் கிரீச்சிடுவது நின்றுவிட்டது. டிரஸ் ராடைக் கால் சுற்று திருப்பியதில் ரிலீஃப் 0.28க்கு வந்திருக்கிறது. எலும்பு நட்டுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறேன். பழையதைக் கழற்றியதும் அதன் அடி தட்டையா வளைவா என்று எழுதுகிறேன். அகூஸ்டிக் இப்போது சிலிக்கா ஜெல்லோடு பெட்டிக்குள் இருக்கிறது, இன்று காலை ஈரப்பதம் 66.